விடிகாலை ஒன்றரை மணி நேரம்: ஓட்டத்துக்கா, சித்திரக்கதைக்கா, பிள்ளைகளுக்கா?

கட்டக்காரன் (திருவான்மியூர்):

அனைவருக்கும் வணக்கம். ஓடுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் இங்கே நிறையவே இருக்கிறீர்கள். இரண்டையும் செய்துகொண்டு பிள்ளையும் வளர்க்கிறவர்கள் ஒரு சிலராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

யூ.கே.ஜி. படிக்கும் மகளும், இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கும் மகனும் எனக்கு இருக்கிறார்கள். மனைவி மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டார். திருமணத்துக்கு முன்பிருந்தே நான் ஓடுகிறேன். வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழுத் தொலைவான 42.195 கிலோமீட்டரையும் ஓடிவிட வேண்டும் என்பது திட்டம். மகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து, எங்கள் வீட்டில் நடப்பதை வைத்து வாரம் ஒரு நான்கு கட்டச் சித்திரக்கதை வரைந்து இணையத்தில் வெளியிட்டு வருகிறேன்.

எனக்கு இவை இரண்டும் தனித்தனி வேலைகள் அல்ல. கதைக்கான கரு பெரும்பாலும் ஓடும்போதுதான் தோன்றுகிறது. அதிகம் பேர் பகிர்ந்த கதையே ஓட்டத்தைப் பற்றியதுதான். தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் வரும் அப்பாவிடம் மகள், "யாருப்பா துரத்துனா?" என்று கேட்கிறாள். "யாரும் துரத்தலம்மா." "அப்புறம் ஏன் ஓடுன?" நான்காவது கட்டத்தில் அப்பா பதில் சொல்லாமல் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு குழந்தை இருந்தவரை எப்படியோ சமாளித்தேன். இரண்டாவது வந்த பிறகு எனக்கென்று மிஞ்சுவது விடிகாலை நான்கரை முதல் ஆறு மணி வரைக்கும் உள்ள நேரம் மட்டும்தான். அதில் ஓடினால் வரைய முடியவில்லை. வரைந்தால் ஓட முடியவில்லை. ஒரு கதைக்குப் பென்சில் வேலை, மை, எழுத்து எல்லாம் சேர்ந்து மூன்று அமர்வாவது ஆகிறது. போதாக்குறைக்கு, சில வாரங்களாகப் பேனா பிடிக்கும்போது கட்டைவிரலை ஒட்டிய மணிக்கட்டுப் பகுதி சுள்ளென்று வலிக்கிறது. இந்த நேரத்தை நீங்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

---

ரேஸ்கோர்ஸ் வாசி (கோவை):

தம்பி, என் பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள் என்பதால் சற்றுத் தள்ளி நின்று சொல்ல முடிகிறது. கைக்குழந்தை இருக்கும் ஆண்டில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம், 21.1 கிலோமீட்டர் ஹாஃப் போதும். முழு மாரத்தானின் சிரமம் ஓடும் நாளில் இருப்பதைவிட, அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களில், முப்பது கிலோமீட்டரை நோக்கி வாரந்தோறும் நீண்டுகொண்டே போகும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில்தான் அதிகம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு அந்த மாதங்கள் சரியாக வடகிழக்குப் பருவமழையில் வந்து விழுகின்றன. மழை, சளி, திடீர்ப் பள்ளி விடுமுறை, காயாத துணி என்று வீடே ஈரமாகக் கிடக்கும்போது மூன்றரை மணி நேரம் காணாமல் போகிற அப்பாவை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு உடற்தகுதி சீக்கிரம் கரைந்துவிடாது. வாரத்தில் ஓடும் நாள்களைப் பாதியாகக் குறைத்தாலும், அவற்றில் ஓர் ஓட்டத்தையாவது வேகம் குறையாமல் வைத்துக்கொண்டால், பல வாரங்களுக்கு மூச்சுத்திறன் பெரிதாக இறங்குவதில்லை. மற்ற ஓட்டங்கள் பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் இருந்தால் போதும். குழந்தை இரவில் மூன்று முறை எழுப்பியிருந்தால் மறுநாள் காலை இன்டர்வெல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் பயிற்சி) ஓடவே ஓடாதீர்கள். தசையும் தசைநாரும் பழுது பார்க்கப்படுவது தூக்கத்தில்தான். தூங்காத உடம்பை விரட்டினால் கெண்டைக்காலோ குதிகாலோ பழிவாங்கிவிடும். அதிலும் உங்கள் கடற்கரைக் காற்றில் வியர்வை வடிகிறதே தவிர ஆவியாவதில்லை. உடல் சூடு இறங்காததால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில் நான் ஊருக்கு வெளியே நீளமாகப் போவதை நிறுத்திவிட்டு ரேஸ்கோர்ஸ் சுற்றிலேயே ஓடினேன். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர்தான். எங்கள் வீடு பக்கத்துத் தெருவில் இருந்ததால், அழைப்பு வந்தால் ஐந்தாறு நிமிடத்தில் கதவைத் தட்டிவிடலாம். சுற்றிச் சுற்றி ஓடுவது சலிப்புத்தான். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஜாகிங் ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடும் வண்டி, வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். குழந்தைக்குக் கழுத்து நன்றாக நின்ற பிறகுதான் அதில் வைத்து ஓடலாம். பொதுவாக ஆறு மாதம் என்பார்கள், சில தயாரிப்பாளர்கள் எட்டு மாதம் என்கிறார்கள், குழந்தை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். முன்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்ட வேண்டும், பிடியிலிருந்து வரும் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும், நம் ஊர் நடைபாதையில் எங்கே ஓட்டுவது? இருட்டில் நான்கு தெருநாய்கள் கூடிவிட்டால், தனியாக இருப்பவன் நின்று சமாளிப்பான். முன்னால் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வீர்கள்? உள்சாலைகள் நன்றாக உள்ள வளாகம் ஏதாவது பக்கத்தில் இருந்தால், விடிந்த பிறகு கொண்டு போங்கள்.

---

இரண்டாம் ஷிப்ட் (மடிப்பாக்கம்):

நான் ஓடுவதில்லை; என் கணவர் ஓடுகிறார். எனவே இந்த இழையில் மறுதரப்பின் சார்பாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

"யாருக்கும் தொந்தரவு இல்லாமல் எழுந்து போய்விட்டு வந்துவிடுகிறேன்" என்று ஓடுகிற ஆண்கள் சொல்வது வழக்கம். போவதில் தொந்தரவு இல்லை என்பது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேர ஓட்டம் என்று நீங்கள் கணக்கிடுகிறீர்கள். வீட்டில் இருப்பவர் கணக்கில் அது சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடுகிறது. சீக்கிரம் சாப்பிட வேண்டும், சீக்கிரம் படுக்க வேண்டும், அன்றிரவு குழந்தை அழுதால் எழுந்திருக்கும் முறை தானாகவே மனைவிக்குப் போய்விடும். ஞாயிறு காலை திரும்பி வந்ததும் ஹாலின் நடுவில் படுத்து, தசையைத் தளர்த்தும் உருளையை வைத்துத் தொடையை உருட்டிக்கொண்டிருப்பவரைத் தாண்டித் தாண்டித்தான் நாங்கள் இட்லித் தட்டை எடுத்துப் போக வேண்டும். அதன் பிறகு குளியல், இரட்டைப் பங்கு சிற்றுண்டி, மதியம் அடித்துப் போட்டாற்போல் ஒரு தூக்கம். ஆக, ஓடியது மூன்று மணி நேரம். வீட்டுக்குக் கிடைக்காமல் போனது ஏறக்குறைய ஒரு முழு நாள்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உருவாகிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சட்டப்படி தாய்க்கு 26 வாரம் விடுப்பு இருக்கிறது. தந்தைக்கோ, மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள்; தனியார் நிறுவனம் என்றால் முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. முதல் ஆறு மாதம் இரவு முழுவதும் எழுந்தவர் யாரோ, அவருக்கே அந்த வேலை நிரந்தரமாகிவிடுகிறது. குழந்தையும் அவர் குரலுக்கு மட்டுமே அடங்கப் பழகிவிடுகிறது. பிறகு ஓர் ஆண், "நான்கரை மணி எனக்கு மிஞ்சுகிறது" என்று எழுதுகிறார். அந்த நேரம் எப்படி மிஞ்சுகிறது, உங்கள் மனைவிக்கு அப்படி ஏதாவது மிஞ்சுகிறதா என்று நீங்கள் கேட்டுப் பார்த்ததுண்டா?

கோபத்தில் எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அவர் நீண்ட ஓட்டம் போகிற வாரத்தில், அதற்குச் சமமான நேரம் எனக்கு எப்போது என்பதை நாள்காட்டியில் முதலில் எழுதிவிட்டுத்தான் அவர் ஓட்டத்தை எழுதுகிறோம். சனிக்கிழமை இரவு நான் எழுந்தால் ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் எழுகிறார். ஓடாத வாரங்களிலும் என் நேரம் எனக்கு உண்டு என்பதை மட்டும் தனியாக வலியுறுத்த வேண்டியிருந்தது.

---

கட்டக்காரன்:

இந்தப் பதிவை மனைவியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இவங்க நம்ம வீட்டுக்கு எப்ப வந்தாங்க?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

பேசியதில் வெளிவந்தது இது: அவருக்குச் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், யாரும் எதையும் கேட்காமல், வீட்டுக்கு வெளியே வேண்டும். என்ன செய்யப் போகிறார் என்று கேட்டதற்கு, அதைச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் அந்த இரண்டு மணி நேரத்தில் அடக்கம் என்றார். முழு மாரத்தான் இந்த ஆண்டு வேண்டாம் என்று நானும் முடிவு செய்துவிட்டேன்; ஹாஃபுக்கு மாற்றிக்கொள்கிறேன். ஆனால் சித்திரக்கதையை விட எனக்கு மனமில்லை. வெளியே போகாமல், யாரையும் விட்டுப் பிரியாமல், குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போதே செய்யக்கூடிய வேலை அது என்பதால் அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றே நினைக்கிறேன்.

---

பழைய பேப்பர் (மதுரை):

கடைசி வாக்கியத்தை மட்டும் மறுக்கிறேன். சொந்தப் பிள்ளையை வரைந்தவர்களின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், அதிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு என்பது தெரியும்.

1934 டிசம்பரில் பெர்லின் நகர வார இதழ் ஒன்றில் வழுக்கைத்தலை, தடித்த மீசை, தொப்பையுடன் ஓர் அப்பாவும், பரட்டைத்தலையுடன் அவர் மகனும் வரத் தொடங்கினார்கள். வசனம் கிடையாது. வரைந்தவர் எரிக் ஓசர். நாஜிகள் ஆட்சிக்கு வருமுன் ஹிட்லரையும் கோயபல்ஸையும் கேலிச்சித்திரமாக வரைந்தவர் என்பதால் அவருக்குத் தொழில் செய்ய அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. தான் வளர்ந்த பிளாவன் ஊரின் பெயரைத் தன் முதலெழுத்துகளோடு சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டு, அரசியல் எதையும் தொடாமல் அப்பா–மகன் கதையை 1937 இறுதி வரை வரைந்தார். அப்போது அவருக்கும் ஒரு சின்ன மகன் இருந்தான். 1944-இல் ஆட்சிக்கு எதிராகப் பேசினார் என்று கைதாகி, விசாரணைக்கு முன்பே சிறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் படங்களில் மகனைக் கேலி செய்கிற கோடு ஒன்றுகூட இல்லை. சிரிப்பு பெரும்பாலும் அப்பாவின் மேல்தான் விழும். நான் மிக உயர்வாக மதிக்கிற குடும்பச் சித்திரக்கதை அதுதான்.

எதிர்ப்பக்கத்தில் அமெரிக்கச் சித்திரக்கதைக்காரர் ஹாங்க் கெட்சம் இருக்கிறார். நான்கு வயது மகன் டென்னிஸ் அறையைத் துவம்சம் செய்துவிட்டதைப் பார்த்துக் கோபத்தில் மனைவி சொன்ன 'மெனஸ்' (பெருந்தொல்லை) என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மகனின் பெயரையே பாத்திரத்துக்கும் வைத்து, 1951 மார்ச்சில் 'டென்னிஸ் த மெனஸ்' தொடரைத் தொடங்கினார். உலகமெங்கும் ஓடியது. காகிதத்து டென்னிஸுக்கு வயது ஏறவே இல்லை. வீட்டு டென்னிஸ் வளர்ந்தான். தாயை இளம் வயதிலேயே இழந்தான். பிற்காலத்தில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே நெருக்கம் இல்லாமல் போனதை இருவருமே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். கதைதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தன் பெயரில் உலகம் முழுவதும் ஒரு குறும்புக்காரன் சிரித்துக்கொண்டே இருக்க, உண்மையான பெயர்க்காரனாக வாழ்வது எளிதாக இருந்திருக்காது.

இவர்களுக்கு முன்பே ஃபிராங்க் கிங் என்ற அமெரிக்கர் வேறொரு வழி கண்டார். 1918-இல் அவர் தொடங்கிய 'கேஸலின் ஆலி' என்ற நாளிதழ்ச் சித்திரத்தொடரில், 1921 பிப்ரவரி 14 அன்று ஒரு பிரம்மச்சாரியின் வாசலில் கைக்குழந்தை ஒன்று கிடக்கிறது. அதன் பிறகு அந்தக் குழந்தை நாள்காட்டியோடு சேர்ந்தே வளர்கிறது, பள்ளிக்குப் போகிறது, இரண்டாம் உலகப் போருக்குப் போகிறது, திருமணம் செய்துகொள்கிறது. பிள்ளைகளை வரைகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். உங்கள் மகளுக்கு வயது ஏறட்டும். மூன்று வயது மழலையை ஏழு வயதிலும் பேச வைத்தால், நீங்கள் வரைவது உங்கள் மகளை அல்ல.

---

லா ஷப்பேல்காரன் (பாரிஸ்):

பழைய பேப்பர் அண்ணை சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடும்பமானவன். பிள்ளைகள் இரண்டும் இங்கேயே பிறந்தவை. ஞாயிறு காலையில் இங்குள்ள கால்வாய்க் கரையில் ஓடுவதும் உண்டு, வரையத் தெரியாது.

பிரான்சில் 2020 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைத்துக் காணொளி எடுத்துப் பெற்றோர் பணம் ஈட்டினால், அதில் ஒரு பங்கு பிள்ளையின் பெயரில் வைப்பில் போடப்பட வேண்டும். வயது வந்த பிறகுதான் பிள்ளை அதை எடுக்கலாம். 2024 பிப்ரவரியில் வந்த இன்னொரு சட்டம், பிள்ளையின் தனியுரிமையையும் படத்தின் மீதான உரிமையையும் காப்பது தாய் தந்தை இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய கடமை என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்றும் குடியியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. இவை புகைப்படத்தையும் காணொளியையும் மனத்தில் வைத்து வந்தவை. கோட்டோவியத்துக்கு அப்படியே பொருந்துமா என்பதை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுவோம். பிள்ளையிடம் கேட்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் மகளின் பள்ளிப் பெற்றோருக்கு அந்தக் கதையில் வருவது யார் என்று தெரியுமா?

---

கட்டக்காரன்:

தெரியும். சென்ற வாரம் பள்ளி வாசலில் ஒரு தாய் என் மகளைப் பார்த்து, "நீதானே பல்லிக்குப் பயப்படுற பாப்பா?" என்று அன்பாகத்தான் கேட்டார். மகள் என் காலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

---

வடபழனி வாலு:

எல்லோரும் இவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். நம் வீடுகளில் பிள்ளையின் குறும்பைச் சொல்லிச் சிரிப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. என் பாட்டி நான் அரிசிப் பானைக்குள் இறங்கி மாட்டிக்கொண்டதைக் கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்வார்; என் திருமணத்தன்று பெண் வீட்டாரிடமும் சொன்னார். ஆனந்த விகடனில் மதன் வரைந்த ரெட்டைவால் ரெங்குடுவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்தப் பையனிடம் எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேரையும் பார்த்தோம். பிள்ளையை வரைவது பிள்ளையின் மீதான ஆசையில்தான். கேட்டுக் கேட்டு வரைந்தால் கோட்டில் உயிர் இருக்குமா?

நேரத்தைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. மூன்றையும் ஒன்றாகச் செய்ய முடியாது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தவரை நான் வரைவதை ஓரமாக வைத்திருந்தேன். இப்போது மீண்டும் வரைகிறேன். கை முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு வந்துவிட்டது.

---

லா ஷப்பேல்காரன்:

பாட்டி சொன்ன கதையைக் கேட்டவர்கள் உங்களை அறிந்தவர்கள். சொல்லி முடித்ததும் தட்டில் இன்னொரு கரண்டி பாயசம் வைத்திருப்பார். தேடுபொறியில் பெயரைத் தட்டினால் இருபது ஆண்டு கழித்தும் வந்து நிற்கிற கதைக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ரெங்குடு யாருடைய பிள்ளையும் அல்ல என்பதால்தான் அவனிடம் எல்லோருடைய பிள்ளையையும் உங்களால் பார்க்க முடிந்தது.

---

மணிக்கட்டு (திருச்சி):

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், எல்லோரும் தாண்டிப் போய்விட்ட வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கைக்குழந்தையின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்குகிறோம் அல்லவா? அப்போது மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமிருந்து சுண்டுவிரல் பக்கமாக வளைய, முழு எடையும் கட்டைவிரலின் தசைநார்கள் ஓடும் குறுகிய உறைக்குள் அழுத்துகிறது. நாள் முழுவதும் இப்படித் தூக்கினால் உறை தடித்து வீங்கும். டி குவெர்வெய்ன் என்ற மருத்துவரின் பெயரால் அறியப்படும் இந்தத் தொல்லை புதிதாகத் தாயான பெண்களிடம் மிக அதிகம். குழந்தையைத் தூக்குகிற தந்தைகளுக்கும் வரும். அதே கட்டைவிரலால் இரவில் பேனாவை இறுக்கிப் பிடித்தால் ஆற நேரமே கிடைக்காது.

கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உயிர் போகிற வலி என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்து, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, ஒரு கையைப் பிட்டத்துக்கும் இன்னொன்றை முதுகுக்கும் கொடுத்து, முன்கையால் ஏந்துங்கள். பேனாவின் பிடியில் துணியோ ரப்பரோ சுற்றித் தடிமனாக்குங்கள். பெரிய கோடுகளை விரலால் இழுக்காமல் தோளிலிருந்து இழுங்கள். உங்கள் மனைவிக்கும் இதே வலி இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அவர்கள் சொல்வதில்லை.

---

கட்டக்காரன்:

கேட்டேன். இருக்கிறது, இரண்டு கையிலும். இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்குக் கட்டைவிரலைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டை கொடுத்திருக்கிறார்கள், அவருக்கு இரண்டு.

சித்திரக்கதையைப் பொறுத்தவரை, இதுவரை வெளியிட்டவற்றையெல்லாம் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவள் வெட்கப்படுவாள் என்று நான் எதிர்பார்த்த இடங்களில் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய புகார்கள் வேறு மாதிரி இருந்தன. இரட்டைப் பின்னல் அவளுக்குப் பிடிப்பதே இல்லையாம், நான் மட்டும் எல்லாக் கட்டத்திலும் போட்டுவிடுகிறேனாம். தம்பிக்குப் பல் வரைய வேண்டும் என்றாள், இன்னும் முளைக்கவில்லையே என்றதற்கு, "படத்துல முளைக்கலாம்ல?" என்றாள். பல்லிக் கதையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அது இருக்கலாம், பல்லியை மட்டும் சின்னதாக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் பள்ளி வாசலில் அவள் அழுததை வைத்து மை போட்டு முடித்திருந்த கதையைக் காட்டியபோது ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாளைப் புரட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இந்த ஆண்டு வரைந்ததில் அதுதான் நன்றாக வந்தது என்று நினைத்திருந்தேன். அது வெளியே போகாது.

வேலையையும் சுருக்கியிருக்கிறேன். நேரத்தை அதிகம் தின்றது எழுத்துதான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கட்டத்தில் முகத்தை வரைந்துவிட்டுப் பிறகு பேச்சுக் குமிழுக்கு இடம் தேடினால், மகளின் தலையை வெட்ட வேண்டியிருக்கும். கைபேசிக்காகச் சுருக்கும்போது ண, ணை, ளை போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடுகின்றன. இப்போது முதலில் வசனத்தை உண்மையான அளவில் எழுதி, அதைச் சுற்றிக் குமிழை வரைந்து, மிஞ்சிய இடத்தில்தான் ஆள்களை நிறுத்துகிறேன். குமிழுக்கு ஐந்து சொல்லுக்கு மேல் கிடையாது. ஓசர் போல, அவருக்குப் பின்னால் வந்த நம் ஓவியர் கோபுலுவின் பேசாத சிரிப்புப் படங்கள் போல, வசனமே இல்லாமல் மாதம் ஒன்று முயல்கிறேன். நான்கு கட்டங்களையும் ஒரே வரிசையாக அடுக்காமல் இரண்டுக்கு இரண்டாக வைத்ததால் கைபேசியில் படமும் பெரிதாகத் தெரிகிறது. வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றியதற்கு யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

---

இரண்டாம் ஷிப்ட்:

மகளிடம் கேட்டது நல்லது. உங்கள் கதைகளைத் தேடிப் பிடித்துப் படித்தேன். சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றில் அம்மா எப்போதும் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று முறைத்துக்கொண்டிருக்கிறார். வேடிக்கையான வசனம் எல்லாம் அப்பாவுக்கும் மகளுக்கும். "மணி என்ன ஆச்சு" என்பது மட்டும் அம்மாவுக்கு. அப்பாக்கள் வரைகிற குடும்பக் கதைகளில் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டு இரண்டு கையிலும் பட்டை கட்டியிருக்கிற ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல வசனம் கிடைக்கக் கூடாதா? அவரிடமும் ஒரு முறை காட்டிக் கேட்டீர்களா?

---

பழைய பேப்பர்:

இதை நான் சொல்லியிருக்க வேண்டும், மடிப்பாக்கம் அம்மா முந்திக்கொண்டார். கரண்டி அம்மா என்பது நம் பத்திரிகைச் சிரிப்புத் துணுக்குகளில் பூரிக்கட்டை மனைவியாக இருந்து வேலை மாற்றல் வாங்கி வந்தவர். அவருக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

---

கட்டக்காரன்:

காட்டினேன். கரண்டியைப் பற்றி அவர் முதல் கதையிலிருந்தே கவனித்து வந்திருக்கிறார். மூன்று கதைக்கு ஒரு முறை வசனம் அவரே எழுதுவதாகவும், நான் அதில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்றும் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. எழுதிக் கொடுத்த முதல் கதையில் அப்பா ஹாலில் படுத்து உருளையால் தொடையை உருட்டிக்கொண்டு, "உயிர் போவுது, யாராவது வாங்களேன்" என்கிறார். அம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே போகிறார். தவழ்ந்து வரும் மகன் உருளையைப் பிடுங்கிக்கொள்கிறான். கடைசிக் கட்டத்தில் அம்மா கடற்கரைக் கடையில் தனியாக உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறார். வசனம்: "சூடா இருக்கு." இதை மை போட்டுக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் எங்கே போகிறார் என்பதும் தெரிந்துவிட்டது.

ரேஸ்கோர்ஸ் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. மழை பிடித்துக்கொண்டுவிட்டது, ஷூ இரண்டு நாளானாலும் காய்வதில்லை. ஈர ஷூவோடு ஓடினால் கால் பொத்துப்போகிறது. இரண்டாவது ஜோடி வாங்கத்தான் வேண்டுமா?

---

ரேஸ்கோர்ஸ் வாசி:

உடனே வாங்க வேண்டாம். ஷூவுக்குள் இருக்கும் மெத்தையைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி ஷூவின் முனைவரைக்கும் இறுக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டு வேறு தாள் மாற்றுங்கள். பிறகு இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வையுங்கள். காலையில் பெரும்பாலும் காய்ந்திருக்கும். வெயிலிலும் ஹேர் டிரையரிலும் காட்டாதீர்கள், அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். இதற்குப் பழைய பேப்பர்தான் சிறந்தது. மதுரைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். உங்கள் மகள் கவிழ்த்து வைத்த அந்தத் தாளை மட்டும் தவறிப்போய் எடுத்துவிடாதீர்கள்.